ஒற்றைக் கண்ணின் சங்கேதம்

பெறுகின்றவருக்கு மட்டும் பொருள் விளங்கி, சபையில் கூடியிருக்கும் மற்றவர்க்கெல்லாம் வெறும் அலங்காரமாகத் தோன்றும்படி ஒரு பரிசை அமைப்பது அரிய கலை. அக்கலை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே எய்திய உச்சத்தை நினைக்கும்போதெல்லாம், வைரத்தையும் மரகதத்தையும் விட ஒரு சிறு தந்தத் தகடே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசர், இருமுறை கணவனை இழந்தவரும் கத்தோலிக்க மதத்தினருமான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் மீது பிரேமை கொண்டார். கத்தோலிக்கரை மணக்கும் வாரிசுக்கு அரியணை இல்லை என்றது 1701-ஆம் ஆண்டுச் சட்டம். இருபத்தைந்து வயது நிரம்பாத அரச குடும்பத்தினர் மன்னரின் சம்மதமின்றிச் செய்யும் விவாகம் செல்லாது என்றது 1772-ஆம் ஆண்டுச் சட்டம். இளவரசருக்கோ வயது இருபத்துமூன்று. அவருடைய பிடிவாதத்துக்கு அஞ்சி ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்ட மரியாவுக்கு, 1785 நவம்பரில், உருக்கமான கடிதமொன்றோடு தம் கண்ணை மட்டும் தீட்டிய சிற்றோவியம் ஒன்றையும் அவர் அனுப்பினார். மறு மாதம் 15-ஆம் தேதி, லண்டனில் மரியாவின் இல்லத்திலேயே, ரகசியமாக விவாகம் நடந்தேறியது.

முகம் முழுவதையும் வரைந்திருந்தால் அது எவருடையதென்று வேலைக்காரரும் அறிவர். புருவமும் இமையும் விழியும் மாத்திரம் நீர்வண்ணத்தில் தந்தத்தின்மேல் தீட்டப்பட்டு, முத்துகள் சூழ மோதிரத்திலோ மார்பணியிலோ பதிந்திருந்தால், அந்தப் பார்வையில் நெடுங்காலம் திளைத்த ஒருவரையன்றி வேறு யார் அதனை அடையாளம் காணக்கூடும்? ரிச்சர்ட் காஸ்வே போன்ற தேர்ந்த சிற்றோவியர்கள் வரைந்த இத்தகைய கண்கள் செல்வர் வட்டாரத்தில் விரைவிலேயே பரவின.

கற்களையே எழுத்துகளாக்கிய சங்கேதமும் உண்டு. ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டயமண்ட் என்று வரிசையாகப் பதித்த மோதிரத்தில், அவற்றின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகள் சேர்ந்து, அன்பு கலந்த மதிப்பைக் குறிக்கும் 'ரிகார்ட்' என்னும் சொல்லாகும். 1969-இல் நியூயார்க்கில் ஆல்டோ சிபுல்லோ கார்ட்டியே நிறுவனத்துக்காக வடிவமைத்த பொற்காப்போ, திருப்புளியால் திருகிப் பூட்டுவது. அணிபவர் தாமே பூட்டுவது கடினமாதலால் அன்பரின் கை அங்கே வேண்டியதாகிறது. நல்ல கற்பனைதான், ஆயினும் அதன் பொருளை இன்று உலகமே அறியும்.

ஜார்ஜ் 1795-இல் அரசகுலத்துக் கரோலைனை ஊரறிய மணந்தார். மரியாவோடு கொண்ட உறவும் காலப்போக்கில் முறிந்தது. எனினும் 1830-இல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பத்தின்படியே, மரியாவின் சிற்றோவியத்தைக் கழுத்தில் அணிவித்து வின்ஸரில் அடக்கம் செய்தார்கள்.