களிமண் வயலில் மிளகாய்: தேங்கும் நீரை வடித்தல்

மன்னார் மாவட்டத்தில் முருங்கனைச் சூழ்ந்துள்ள வயல்கள் கனத்த களிமண் நிலங்களாகும். 1990 ஆம் ஆண்டு வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களிமண் இப்பகுதியிலிருந்தே சென்றது என்றால் அதன் தன்மையை ஊகித்துக் கொள்ளலாம். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் இவ்வயல்களில் நெல் நன்கு விளைகின்றது. காலபோக அறுவடையின் பின் அதே வயலில் மிளகாய் நடுபவரோ சில வேளைகளில் கன்றுக்கு இட்ட பணத்தையும் இழந்து விடுகின்றார்.

அந்த இழப்பு பெரும்பாலும் ஓர் இரவில் நேர்கின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் பின்னேரம் இடியுடன் பெருமழை பெய்கின்றது. மறுநாள் வெயிலில் செடிகள் தலை சாய்கின்றன. செடி வாடினால் தண்ணீர் போதாது என்று எண்ணி மீண்டும் இறைப்பவர் உண்டு. நோயென்று எண்ணி மருந்து வாங்கித் தெளிப்பவரும் உண்டு. மருந்துக்குச் செலவிடுமுன் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தல் நன்று. வேர் வெண்மையாக இராது பழுப்பு நிறமாகி, பிடித்து இழுக்கும்போது மேற்தோல் கழன்று வருமாயின், வேர் காற்றின்றி அழுகியதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். நெற்பயிர் தன் தண்டிலும் வேரிலுமுள்ள காற்றறைகள் வழியே வேருக்குக் காற்றைச் செலுத்தும் ஆற்றலுடையது. மிளகாய்க்கு அவ்வாற்றல் இல்லை.

களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணியவை. அவற்றின் இடைவெளிகளும் அவ்வாறே. அத்துடன், நெல்லுக்காக ஆண்டுதோறும் சேறடித்ததனால் உழுபடைக்குக் கீழே இறுகிய படையொன்றும் அமைந்திருக்கும். நெல்வயலில் நீரைத் தாங்குவது அப்படையே. மிளகாய்க்கு எமனாவதும் அதுவே. காய்ந்த களிமண் வெடித்திருக்கும்போது முதல் நீரை மடமடவென்று குடித்துவிடும். இதைக் கண்டு ஏமாறலாகாது. நனைந்ததும் மண் வீங்கி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். ஆகவே ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமான குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வற்றியபின் மறுமுறை நிரப்பியே சோதிக்க வேண்டும். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் அரை அங்குலமும் இறங்காவிடின் அந்நிலத்தில் நீர் கீழ்நோக்கிச் செல்லும் என்று நம்புவதற்கில்லை. அது பக்கமாக வெளியேறவே வழி செய்தல் வேண்டும்.

மணல் கொட்டினால் தீரும் என்பது பலரது எண்ணம். களிமண்ணின் குணத்தை மாற்றுவதற்கு ஏறக்குறையச் சம அளவு மணல் வேண்டும். இரண்டொரு சுமை மணலைக் கலப்பது செங்கல்லுக்கு மண் பிசைவதற்கு ஒப்பாகும். அப்பணத்தை எருவுக்குச் செலவிடுதல் மேல். உக்கிய மாட்டெரு, உக்கவைத்த வைக்கோல், கிளிசரிடியா இலை ஆகியன மண்ணைச் சிறு கட்டிகளாக்கி இடையே காற்றுக்கு வழி செய்கின்றன. ஒரு போகத்தில் முழுப்பயனையும் எதிர்பார்க்க இயலாது.

பாத்திகள் மூன்றடி அகலமும் ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல உயரமும் உடையனவாதல் வேண்டும். அவற்றினிடையே ஓரடி அகலக் கான்கள் நூறு அடிக்கு ஆறு அங்குலச் சரிவுடன் வெளிவாய்க்காலை நோக்கிச் செல்லல் வேண்டும். கான்களை வெட்டியபின் நீர் விட்டு, அது எங்கே தயங்குகின்றதென்று பார்த்துத் திருத்துவதே நூல் பிடித்து அளப்பதிலும் எளிது.

உழும் நாளைத் தெரிவதிலேயே அனுபவசாலியின் திறமை விளங்கும். நான்கு அங்குல ஆழத்து மண்ணை உருட்டிப் பெருவிரலால் அழுத்தும்போது பொடியாக உதிர்ந்தால் உழலாம். பளபளத்து மெழுகுபோற் பள்ளம் விழுந்தால் பொறுத்திருக்க வேண்டும். ஈரக் களியில் உழவு இயந்திரம் இறங்கினால் அதன் சில்லுகளே புதிய இறுகற் படையை உண்டாக்கிவிடும். பொறுத்திருந்தாலோ மண் கல்லாகிவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே கிடைப்பது சில நாட்களே. அதற்குள் இயந்திரமும் ஆட்களும் கிடைக்குமாறு முன்னரே ஒழுங்கு செய்தல் அவசியம்.

இவையனைத்தையும் செய்தபின்னும் ஒரு வில்லங்கம் எஞ்சும். கானில் வடியும் நீர் அடுத்தவர் வயலில் விழுமாயின் அவர் வரம்பை அடைத்து விடுவார். அவர் மீது குறை கூறவும் முடியாது. அவரும் மிளகாய் நட்டிருப்பார். ஒருவர் தனியே வெட்டும் வடிகால் பெரும்பாலும் பிணக்கிலேயே முடிகின்றது. எனவே சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே மறுபயிர் செய்வோர் எவர், எந்தத் துண்டுகளில், பொதுவாய்க்கால் எவ்வழியே என்பதைக் கமக்காரர் அமைப்பு தீர்மானித்துக் கொள்ளல் வேண்டும். மறுபயிர்த் துண்டுகள் அடுத்தடுத்து இருப்பின், நெல்வயலிலிருந்து கசியும் நீரும் குறையும்.

மழை பெய்த மறுநாட் காலையில் கான்களைச் சென்று பார்த்தல் வேண்டும். அங்கே நீர் நிற்குமாயின் பாத்தியை மேலும் உயர்த்துவதில் பயனில்லை. வாய்க்கால் வாயிலில் சேர்ந்துள்ள புல்லையும் சேற்றையும் மண்வெட்டியால் அன்றே அகற்றுதல் வேண்டும்.