காற்றை அளக்கும் சின்னப் பெட்டி

"வெளியே விளையாடப் போகலாமா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். "கொஞ்சம் பொறுங்கோ, காற்று எப்பிடி இருக்குது என்று பார்ப்பம்" என்று அம்மா சொல்கிறார். காற்றை எப்படிப் பார்ப்பது?

2020 ஜனவரி 14ஆம் திகதி மெல்பேர்ண் நகரைக் காட்டுத்தீப் புகை மூடியிருந்தது. தீ எரிந்ததோ தூரத்தில், கிழக்கு கிப்ஸ்லாந்தில். அன்று அவுஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் ஆடிய டலீலா யாகுபோவிச் என்ற வீராங்கனை, இருமல் தாங்காமல் ஆட்டத்தை இடையில் விட்டுவிட்டார்.

புகையிலே மிக நுண்ணிய துகள்கள் உண்டு. அவற்றை பி.எம். 2.5 என்பார்கள். உங்கள் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 30இல் 1 பங்குதான்! மூக்கு அவற்றைத் தடுக்காது. நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். வீட்டில் அம்மம்மாவுக்கோ தம்பிக்கோ ஆஸ்துமா இருந்தால், யன்னலைத் திறப்பதா பூட்டுவதா என்பது பெரிய கேள்வி.

விக்டோரியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையமான ஈ.பி.ஏ. பெரிய கருவிகளால் காற்றை அளக்கிறது. ஒரு வகைக் கருவி துகள்களை வடிதாள் நாடா ஒன்றில் படிய வைத்து, அதனூடாக பீட்டாக் கதிரைச் செலுத்தும். துகள் கூடினால் மறுபக்கம் வரும் கதிர் குறையும். அதை வைத்துத் துகள்களின் நிறையைக் கணக்கிடலாம். இதன் விலை பல ஆயிரம் டொலர். தெருவுக்கு ஒன்று வைக்க முடியுமா?

சின்னப் பெட்டியின் விலை சில நூறு டொலர்தான். கிளென் வேவர்லியில் உங்கள் வீட்டுச் சுவரிலும் மாட்டலாம். உள்ளே ஒரு குட்டி விசிறியும் லேசர் ஒளியும் இருக்கும். யன்னல் வழியே வரும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரித்தான். துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து, எவ்வளவு துகள் என்று பெட்டி ஊகிக்கிறது.

இங்கேதான் சிக்கல். காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். அப்போது பெட்டி கூடுதலாகக் காட்டும். மூடுபனிக் காலையில் "ஐயோ, புகை!" என்றும் ஏமாற்றலாம். (குசினியில் கடுகு தாளித்தாலும் எண் ஏறும். ஆனால் அது பொய் இல்லை, அங்கே உண்மையிலேயே புகை இருக்கிறது!)

அதனால் சின்னப் பெட்டியைப் பெரிய கருவிக்குப் பக்கத்திலேயே பல வாரங்கள் வைத்து, மணிக்கு மணி இரண்டையும் ஒப்பிடுவார்கள். எப்போதும் 5 நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூட்டை நாம் பயன்படுத்தலாம், 5ஐக் கழித்தால் போதும். நினைத்தபடி ஓடும் மணிக்கூட்டை என்ன செய்வது? அமெரிக்காவில் பர்ப்பிள்ஏர் என்ற பெட்டிகளை இப்படிச் சோதித்தபோது, அவை பெரும்பாலும் கூடுதலாகவே காட்டின. ஆகவே எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரத்துக்கும் திருத்தம் செய்யும் ஒரு சூத்திரத்தை உருவாக்கினார்கள்.

நம் மாநிலத்திலும் இதற்குத் தேவை வந்தது. 2014இல் மோர்வெல் நகருக்கு அருகே ஹேசல்வுட் நிலக்கரிச் சுரங்கம் 45 நாட்கள் எரிந்தது. தங்கள் தெருக் காற்று எப்படி என்று அறிய மக்கள் விரும்பினார்கள். பின்னர் ஈ.பி.ஏ. அவர்களோடு சேர்ந்து, லாட்ரோப் பள்ளத்தாக்கில் பெரிய நிலையங்களுடன் சின்னப் பெட்டிகளையும் வைத்தது.

இப்போது நீங்கள் சோதியுங்கள். பெரிய கருவி மூன்று நாட்களில் 10, 20, 30 என்று காட்டியது. 'அ' பெட்டி 20, 40, 60 என்றது. 'ஆ' பெட்டி 10, 35, 25 என்றது. நீங்கள் எந்தப் பெட்டியை வீட்டில் மாட்டுவீர்கள்? ஏன்?