பீடைநாசினியும் கமக்காரர் உடல்நலமும்

மருந்தின் கடுமையை அதன் மணத்தைக் கொண்டு மதிப்பிடுங் கமக்காரர் இன்னும் பலர் உளர். கடுமணம் வீசுவது கொடிய நஞ்சென்றும் மணமற்றது தீங்கற்றதென்றும் எண்ணுதல் பெருந்தவறாகும். தீங்கின் அளவை இரண்டு காரணங்கள் நிர்ணயிக்கின்றன. ஒன்று மருந்தின் நச்சுத்தன்மை. மற்றையது உடலினுட் செல்லும் அளவு.

நச்சுத்தன்மையைப் பெயர்ச்சிட்டையின் அடியிலுள்ள நிறப்பட்டை காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலமும் பச்சையும் முறையே குறைந்தவற்றையுங் குறிக்கும். இலங்கையில் மொனோகுரோட்டோபொஸ், மெத்தாமிடோபொஸ் என்பன 1995 இலும் எண்டோசல்பான் 1998 இலும் விலக்கப்பட்டன. அதன் பின்னர் நஞ்சினால் இறப்போர் தொகை பெரிதுங் குறைந்தது. ஆயினும், உடலினுட் செல்லும் அளவைச் சட்டம் குறைக்க மாட்டாது. அது தெளிப்பவர் கையிலேயே உளது.

தெளிக்கும் நேரமே ஆபத்தான நேரமென்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் மருந்தை அளந்து கலக்கும் சில நிமிடங்களே மிகவும் ஆபத்தானவை. 10 இலீற்றர் நீருக்கு 20 மிலிலீற்றர் மருந்து கலப்பதாகக் கொள்வோம். போத்தலிலுள்ளது கலவையினும் 500 மடங்கு செறிவானது. எனவே கையிற் சிந்தும் 1 மிலிலீற்றர் மருந்து, அரை இலீற்றர் கலவையை உடலில் ஊற்றிக்கொள்வதற்குச் சமமாகும். கையாற் கலக்குவதும் போத்தல் மூடியால் அளப்பதும் இதனாலேயே தவிர்க்கப்படல் வேண்டும். அளவுக் குவளையும் நீண்ட தடியும் றப்பர்க் கையுறையும் போதும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்திருக்குமாதலால், அதை அணிவதிலும் அணியாதிருத்தல் நன்று.

தோலின் எல்லாப் பகுதிகளும் நஞ்சை ஒரேயளவில் உட்கொள்வதில்லை. பரத்தியோன் என்னும் நஞ்சைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், முன்னங்கையினும் நெற்றி ஏறக்குறைய 4 மடங்கும், ஆண்குறி விதைப்பையின் தோல் 11 மடங்குக்கு மேலும் நஞ்சை உட்கொண்டமை அறியப்பட்டது. முதுகிற் சுமக்கும் தெளிகருவியின் மூடி ஒழுகினால், கலவை முதுகு வழியே வடிந்து இடுப்பையும் அரையையும் நனைக்கும். சிறு வாசர் ஒன்று தேய்ந்ததைக் கவனியாது நாள் முழுதும் நனைந்த சாரத்துடன் நிற்பவர், முகத்துக்கு மட்டுந் துணி கட்டிப் பயன் யாது? புறப்படுமுன் வெறும் நீரை நிரப்பி ஒழுக்குப் பார்த்தல் வேண்டும்.

நெல் வயலில், தாம் தெளித்த பயிரினூடாகவே முன்னோக்கி நடப்பவரின் தொடைகள் முற்றாக நனையும். காற்று ஒரு பக்கமிருந்து வீசுமாறு நின்று, காற்றுப் போகுந் திசையிலே தெளித்து, காற்று வருந் திசைக்கு நகர்ந்து செல்லல் வேண்டும். அடைபட்ட நொசிலை வாயால் ஊதலாகாது. மெல்லிய ஈர்க்கோ பழைய பற்றூரிகையோ போதும். மருந்துக் கையால் வெற்றிலை மடித்தல், சுருட்டுப் பற்றவைத்தல் என்பன சொல்லாமலே விலக்கத்தக்கவை.

சேதனப் பொசுபரசு வகுப்புப் பூச்சிநாசினிகள் உடலிலுள்ள கொலினெசுத்தரேசு என்னும் நொதியத்தை முடக்குகின்றன. அந்நொதியம் பழைய நிலையை அடைய வாரக்கணக்காகும். நேற்றும் முன்தினமும் தெளித்து எவ்விதக் குறியுங் காணாதவர், இன்று சிறிதளவு பட்டதும் நோயுறுவதற்குக் காரணம் இதுவே. ஒருவரே நாடோறுந் தெளிக்கும் கூலி வழக்கம் நன்றன்று. தலைவலி, அதிக வியர்வை, வாயூறல், பார்வை மங்கல், தசைத் துடிப்பு, மூச்சுமுட்டு ஆகியவற்றை வெயிலின் கோளாறென்று கருதிப் படுத்துவிடலாகாது. உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, பெயர்ச்சிட்டையுடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும். நஞ்சு வாய்வழி சென்றிருப்பினும் வாந்தியெடுக்கச் செய்யலாகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களூடாக நீர் விரைவில் நிலத்தடிக்குச் செல்லும். கிணற்றடியிலே தெளிகருவியைக் கழுவுவோர் தம் குடிநீரிலேயே அதைக் கழுவுகின்றனர். கழுவிய நீரைத் தெளித்த பயிருக்கே தெளித்துவிடலாம். வெற்றுப் போத்தலை மும்முறை அலசித் துளையிடுக. எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைத்திருத்தலாகாது. மிஞ்சிய மருந்தை வேறு போத்தலில் மாற்றாது, பூட்டிய பெட்டியில், குழந்தைகளுக்கும் மனவேதனையிலுள்ளோருக்கும் எட்டாதபடி வைத்து, திறப்பை வேறிடத்தில் மறைத்து வைத்தல் வேண்டும். விலக்கப்பட்ட பரகுவாட் போன்ற பழைய போத்தல்கள் கொட்டிலின் மூலையிற் கிடந்தால், வாய்க்காலில் ஊற்றாது பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க.