உறைந்த குளத்தில் ஓடும் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்து ஆரியகுளம் ஒரு காலை கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கிறது, அதன்மேல் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள் என்று யாரேனும் சொன்னால் நம்புவீர்களா? நமக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கிடப்பது, இல்லையேல் சர்பத்தில் மிதப்பது.

ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் கடல் கடந்து போனவர்களும் உண்டு. கனடாவிலிருந்து பேரப்பிள்ளை தொலைபேசியில், "உம்மும்மா, நான் குளத்துக்கு மேல ஸ்கேற்றிங் போறேன்" என்கிறாள். உங்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. போகாதே என்று தடுப்பதா, போ என்று விடுவதா?

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதற்குமேல் குளிர்ந்தால் இலேசாகி மேலே வரும், உறைந்தால் மிதக்கும். எனவே குளம் மேலிருந்து கீழாகவே இறுகுகிறது. அடியில் மீன்கள் உயிரோடு நீந்துகின்றன. சுப்ஹானல்லாஹ், ஐஸ் தண்ணீரில் தாழ்வதாக இருந்தால் அந்த மீன்களின் கதி என்ன? ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மேலே பார்த்தால் பாறைபோல் தெரியும், கீழே தண்ணீர்.

ஆகவே பிள்ளையிடம் கேட்க வேண்டியது, "ஐஸ் எவ்வளவு தடிப்பு? என்ன நிறம்?" என்பதே. தனியே சறுக்க 15 சென்ரிமீற்றராவது வேண்டும், கூட்டமாக ஆட 20 என்கிறது கனடாச் செஞ்சிலுவைச் சங்கம். தெளிந்த நீல நிற ஐஸ் உறுதியானது. வெள்ளை அதில் பாதிப் பலமே. சாம்பல் நிறமென்றால் கால் வைக்கவே கூடாது. நீர் வந்து விழும் இடமும் பாலத்தின் அடியும் எப்போதும் மெல்லியவை. தவறி உள்ளே விழுந்தால், வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டே வர வேண்டும். காப்பாற்றுபவரும் கிட்டப் போகாமல் கயிறோ சால்வையோ வீச வேண்டும்.

இத்தனை கவலை எதற்கு, ரொறொன்ரோ நகரசபைக்கு முன்னால் கோடையில் தடாகமாக இருப்பது மாரியில் சறுக்குத் தளமாகிவிடுகிறதே! அடியில் குழாய் போட்டுக் குளிரூட்டுவதால் விழுந்தாலும் முழங்கால்தான் நோகும். சிம்லா மலையிலோ 1920 முதல் வேறு வழி: திறந்த மைதானத்தில் இரவில் தண்ணீர் பாய்ச்சினால் குளிரே உறைய வைத்துவிடும். ஆனால் இப்போது குளிர் குறைந்து, ஆடும் நாட்களும் சுருங்கிவிட்டன. ஒட்டாவாவில் 7.8 கிலோமீற்றர் நீளமுள்ள கால்வாய்த் தளம்கூட 2022-23 மாரியில் திறக்கப்படவேயில்லை. முன்பு போன வருஷம் உறைந்ததென்று இந்த வருஷமும் நம்பி இறங்கினார்கள். இனி அப்படி முடியாது.

பெண்பிள்ளைக்கு உடை எப்படி என்கிறீர்களா? அந்தக் குளிரில் எல்லோரும் தலை முதல் கால் வரை மூடித்தான் நிற்கிறார்கள்! ஐக்கிய அரபு எமிரேட்ஸைச் சேர்ந்த ஸஹ்ரா லாரி, 2012இல் இத்தாலியில் ஹிஜாபுடன் போட்டியிட்டபோது புள்ளி குறைத்தார்கள். அவர் எடுத்துச் சொன்ன பின்னர் சர்வதேச ஸ்கேற்றிங் ஒன்றியம் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. ஒன்று மட்டும் பேத்திக்குச் சொல்லிவிடுங்கள்: சால்வையின் தலைப்பை ஜாக்கெட்டுக்குள் செருகட்டும், அபாயாவின் விளிம்பு சப்பாத்தின் கத்தியில் மாட்டாதபடி உயர்த்திக் கட்டட்டும், தலைக்கவசத்தையும் மறக்க வேண்டாம்.