கமராவும் கையுமாக மைதானத்தில் ஓர் அம்மா

பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம் – அதுவரை நான் எடுத்த படங்கள் இவ்வளவுதான். எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள். நாமும் எடுத்து விடுவோம். ஓடுகிறவர்களைப் படம் பிடிக்க நான் எப்படிப் போனேன் என்று கேட்கிறீர்களா? எல்லாம் என் இளைய மகனால்தான்.

நாங்கள் இருப்பது கண்டியில். இங்கே ரக்பிக்குத் தனி மவுசு. பேச்சில் 'ரகர்' என்போம். டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிரட்பி கேடயப் போட்டி கண்டியில் நடக்கும் அன்று, வீதியெல்லாம் கொடியும் கூச்சலும்தான். என் மகன் வேறொரு பாடசாலை. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியில் 7ஆம் இலக்கச் சட்டை. எதிரணிக்காரரை ஓடிப்போய்ப் பிடித்து விழுத்துவதுதான் அந்த இலக்கத்துக்கு முக்கிய வேலை.

இரண்டு வருடமாக நான் ஒரு மட்சும் பார்த்ததில்லை. பயம்! சாமி விளக்கை ஏற்றிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவன், "எல்லாருடைய அம்மாவும் வர்றாங்க, நீங்க மட்டும்தான் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டான். மனசு கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கமரா இருந்தால் பயம் தெரியாது என்று நானே ஒரு கணக்குப் போட்டு, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் என் தம்பியிடம் பழைய கமராவை இரவல் வாங்கினேன். 70-300 லென்ஸையும் மாட்டிக் கொடுத்தான்.

முதல் பாதி முழுக்கக் கூத்துதான். புல் ஒரு படம், முதுகுகள் பத்துப் படம், நடுவரின் கால் ஒன்று, யாரோ ஒரு அம்மாவின் குடை ஒன்று. மற்றதெல்லாம் கலங்கிய தண்ணீர் மாதிரி. இடைவேளையில் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கல்யாணத்துல ஆள் நிக்கும், இங்க ஓடும். ஷட்டர் வேகத்தை 1/1000க்கு வைங்க. வெயில் மங்கினா ஐ.எஸ்.ஓ.வை 800, 1600 என்று கூட்டுங்க. ஓடுறவங்களை விடாமத் தொடர்கிற ஃபோகஸைப் போடுங்க. பட்டனை ஒரு தடவை தட்டாதீங்க, அழுத்திப் பிடிங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்" என்றான். தூறல் விழுந்ததால் கமராவுக்குப் பொலித்தீன் பை போட்டு ரப்பர் பேண்டால் கட்டச் சொன்னான். அதுமட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் இன்னொரு சூட்சுமம் சொன்னார். ரகரில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். அதனால் அடுத்துப் பந்தை வாங்கப் போகிறவன் எப்போதும் பின்னால்தான் வருவான். பந்தைத் துரத்தாமல் அவன் முகத்தில் கமராவை வைத்துக் காத்திருந்தால் போதுமாம். கோட்டுக்கு வெளியே நன்றாகத் தள்ளி, கோல் கோட்டின் மூலைப் பக்கமாகத் தாழ உட்கார்ந்தேன். பிள்ளைகள் என்னை நோக்கியே ஓடி வந்தார்கள். அப்புறம் பாருங்கள், முகம் முகமாக விழுந்தது! சேறும் வியர்வையும் பல்லுக் கவசமுமாக என் பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். வீட்டில் பார்க்காத முகம். பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒருவனைப் பிடிக்கப் பாய்ந்தான். என் விரல் பட்டனை விடவில்லை. மேலே பத்துப் பேர் குவிந்தார்கள். கொஞ்சம் தாமதமாக எழுந்தான், பிறகு ஓடினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் மனசில் நெருடல். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நான்காவதில் அவன் நெற்றிப் பொட்டு எதிராளியின் முழங்காலில் மோதியிருக்கிறது. ஐந்தாவதில் கண் மூடியிருக்கிறது. விழும்போது கையை ஊன்றவே இல்லை.

கயிற்றோரம் நின்ற முதலுதவிக்காரரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ஆட்டம் நின்றதும் அவனை அழைத்து, "இது எந்தப் பாதி?" என்று கேட்டார். "முதல் பாதி" என்றான். அவ்வளவுதான், வெளியே உட்கார வைத்துவிட்டார். அப்போது 12-10 என்று எங்கள் பிள்ளைகள் முன்னால். கடைசி நேரத்தில் எதிரணி பெனால்ட்டி உதைத்து மூன்று புள்ளி எடுத்து 13-12 என்று வென்றது. பஸ்ஸில் மகன் என்னோடு பேசவில்லை. "உங்களாலதான் தோத்தோம்" என்றது மட்டும்தான்.

அன்று இரவு தலைவலி. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டான். டாக்டரிடம் போனோம். மூளை அதிர்ச்சி, நல்லவேளை உடனே நிறுத்தினீர்கள் என்றார்.

இதில் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். தலையில் பட்டால் மயக்கம் வர வேண்டும் என்றில்லை. தடுமாற்றம், தலைவலி, வாந்தி, மந்தம், கேட்டதையே கேட்பது – எது இருந்தாலும் அன்று மறுபடி மைதானத்தில் இறங்கக் கூடாது. சந்தேகம் இருந்தாலே போதும், உட்கார வைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான். ரகரில் பிடிபடுகிறவனைவிடப் பிடிக்கிறவனுக்கே தலையில் அதிகம் படுகிறதாம். அதனால் பிடிக்கும்போது தலையை எங்கே வைப்பது என்று பயிற்சியாளர் சொல்லிக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள்.

மூன்று வாரத்துக்கும் மேல் ஓய்வு. டாக்டர் சொன்னபடி முதலில் நடை, பிறகு ஓட்டம், கடைசியில்தான் ஆட்டம். மற்றப் பிள்ளைகளின் படங்களை அவரவர் அம்மாமாரிடம் மட்டும் கொடுத்தேன். அவர்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பவில்லை.

ஒரு மாலை மகன் வந்து, "அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றான். நான்காவதையும் ஐந்தாவதையும் நெடுநேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, "அடுத்த மட்ச் சனிக்கிழமை. பெட்டரியைச் சார்ஜ் பண்ணி வைங்கம்மா" என்றான்.

தம்பியிடம் கமராவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.