அணைந்துபோகும் நல்ல மரபணு

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், குறும்பர் குடியிருப்புகளிலும், கோத்தகிரிச் சரிவில் இருளர் ஊர்களிலும் சில குழந்தைகள் பிறந்து ஐந்தாறு மாதம் வரை நன்றாகத்தான் இருக்கின்றன. தவழும் பருவத்தில் ஒருநாள் கையும் காலும் வீங்கும், தொட்டால் வீறிடும். ரத்தம் சோதித்தால் 'சிக்கிள் செல்' என்பார்கள். அரிவாள் செல் ரத்தசோகை. நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த ரத்தம் இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அறிவித்தார்கள். இந்தியாவில் இதைப் பற்றி வந்த முதல் செய்திகளுள் அது ஒன்று. அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதைக் கண்டார்கள்.

இது பிறவி நோய். பிழை கருவிலேயே இருக்கிறது. அப்படியானால் ஆறு மாதம் ஏன் பொறுத்து வருகிறது?

நம் உடலில் டிஎன்ஏ உள்ள எந்தச் செல்லை எடுத்தாலும் அது ஏறக்குறைய ஒன்றேதான். புரதம் செய்யும் குறிப்புகளாகச் சுமார் 20,000 மரபணுக்கள். ஹீமோகுளோபின் செய்யும் குறிப்பு கண்ணின் செல்லிலும் உண்டு, ஆனால் அங்கே அதை யாரும் திறப்பதில்லை. டிஎன்ஏ நூல், ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தைச் செல்லால் படிக்க முடியாது. தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஒட்டிய மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இவை போக, மரபணுவின் அருகே வந்து அமர்ந்து அதை ஓடவும் நிற்கவும் வைக்கும் புரதங்களும் இருக்கின்றன. கண் கண்ணாகவும் எலும்பு எலும்பாகவும் இருப்பது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

இதே கட்டுப்பாடு வயதுக்கேற்பவும் மாறும். வயிற்றில் இருக்கும் குழந்தை தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்தாக வேண்டும். அதற்கு வலுவான பிடியுள்ள கரு ஹீமோகுளோபினைக் காமா என்ற மரபணு செய்து தருகிறது. பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜை காமாவை மெல்ல அணைத்து, பீட்டா மரபணுவை ஓடவிடுகிறது. அரிவாள் நோயின் பிழை பீட்டாவில் இருக்கிறது: ஒரே ஓர் எழுத்து. காமாவில் பிழை இல்லை. கரு ஹீமோகுளோபின் தீரும் வரை குழந்தைக்குக் காவல் உண்டு. தீர்ந்ததும் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. வலி அங்கே தொடங்குகிறது. பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் வளைந்த அணுக்கள் குறைவு என்பதை ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் நியூயார்க்கில் 1948-லேயே கவனித்திருந்தார். காமாவை அணைக்கும் புரதங்களில் முக்கியமானது பிசிஎல்11ஏ என்று 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

எனக்கு இதில் பெரிய செய்தியாகப் படுவது, கெட்ட மரபணுவைத் தொடவே வேண்டாம் என்பதுதான். நல்லதை மறுபடி ஓடவிட்டால் போதும். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை இதைத்தான் செய்கிறது. பிசிஎல்11ஏ மூளைக்கும் வேண்டிய புரதம். அதனால் அதை முழுதாக அழிக்காமல், சிவப்பணுக்களை உருவாக்கும் செல்களில் மட்டும் அதை முடுக்கும் டிஎன்ஏ துண்டை வெட்டுகிறார்கள். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 18 கோடி ரூபாய். பந்தலூர்க் கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாது.

எட்டக்கூடியது ஹைட்ராக்ஸியூரியா. பழைய, மலிவான மருந்து. பலருக்கு அது கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. இந்தியப் பழங்குடிகள் பலரிடம் காமா மரபணுவின் பக்கத்திலுள்ள ஓர் எழுத்து மாற்றத்தால் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதல். ஆனாலும் நோய் கடுமையாகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மாத்திரை நிற்காமல் கிடைக்க வேண்டும். கிடைக்கச் செய்வது அரசின் கடமை, தயவு அல்ல.

40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது. தாய், தந்தை இருவருமே இந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு. சுமப்பவருக்கோ பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரியாது. உங்கள் ஊரில் சோதனை முகாம் நடந்தால் ரத்தம் கொடுங்கள். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், வலி இல்லாத மாதத்திலும் விடாதீர்கள். அவர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனைக்கும் போய்வாருங்கள்.