படம் முந்தலாம், ஒலி முந்தக்கூடாது

வீட்டு ஆடியோ ரிசீவருடன் வயர்லெஸ் ஹெட்ஃபோனை இணைத்ததும் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: நடிகரின் உதடு மூடிய பிறகு வசனம் காதில் விழுகிறது.

படத்துக்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு இடைவெளியை மனிதர்கள் உணர்கிறார்கள்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவு இருக்கிறது. ஒலி சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினாலோ 125 மில்லிசெகண்ட் வரை கவனிப்பதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஒளி நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது; காற்றில் ஒலி சுமார் 343 மீட்டர்தான் நகர்கிறது. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள்: துணி கல்லில் படுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். இயற்கையில் ஒலி ஒருபோதும் காட்சியை முந்துவதில்லை. பிந்தி வருவதைப் பொறுத்துக்கொள்ள மூளை பழகியிருக்கிறது.

அந்தப் பொறுமையையும் புளூடூத் சோதிக்கிறது. அது ஒலியைத் துண்டுகளாக்கி, சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் சேமித்து விரிக்கிறது. சாதாரண புளூடூத்தில் இதற்கே 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடுவதுண்டு. ரிசீவரில் இருக்கும் 'லிப் சிங்க்' வசதி இங்கே உதவாது. அது ஒலியைத் தாமதப்படுத்துமே தவிர முன்னுக்குத் தள்ளாது. டிவிக்கென்றே வரும் அனலாக் ரேடியோ ஹெட்ஃபோன்கள் எஃப்எம் வானொலியைப் போல ஒலியை நேரடியாக அலையில் ஏற்றுவதால் தாமதம் இல்லையென்றே சொல்லலாம். அந்த அலை சுவரையும் கடக்கும். அகச்சிவப்பு வகையும் வேகமானதுதான். ஆனால் ஒளி என்பதால் அறையைத் தாண்டாது.

அடுத்து, ஹெட்ஃபோனுக்கு ஒலியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை எங்கே செருகுவது? ரிசீவரின் முன்புறமுள்ள 6.35 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளை, 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்த வடிவம். அதில் செருகினால் பெரும்பாலும் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். இரவில் தனியாகப் பார்ப்பவருக்கு அது வசதி. குடும்பத்தோடு பார்க்க, பின்புறம் 'ரெக் அவுட்' இருந்தால் அது நல்லது. டேப்பில் பதிவதற்காக வந்த அந்த வழியில் ஒலி அளவு மாறாது. ஸ்பீக்கரும் பாடும், ஹெட்ஃபோன் அணிந்தவர் தனக்கு வேண்டிய அளவைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியைப் பல ரிசீவர்கள் ரெக் அவுட்டுக்கு அனுப்புவதில்லை. அப்போது, ஆப்டிகல் உள்ளீடு கொண்ட டிரான்ஸ்மிட்டரை டிவியின் ஆப்டிகல் வெளியீட்டில் இணைக்கலாம். டிவியின் ஒலி அமைப்பை 'பிசிஎம்' என்று மாற்றிவிடுங்கள். ஏனெனில், டால்பி வடிவத்தைப் புரிந்துகொள்ளாத டிரான்ஸ்மிட்டர்கள் நிறைய உண்டு. டால்பியில் அனுப்பினால் அவற்றில் சத்தமே வராது.

கடையில் பேட்டரி நேரத்தைக் கேட்கும் முன் தாமதத்தைக் கேளுங்கள். காது மந்தமான பெரியவர்கள் பலர் பேசுபவரின் உதட்டைப் பார்த்தும் சொற்களைப் பிடிக்கிறார்கள். உதடும் ஒலியும் பிரிந்துவிட்டால், சத்தமாக வைத்தாலும் அவர்களுக்கு வசனம் பிடிபடுவது கடினம்.